பெயரோடு நிலமும் வரும்: சிம்ஷியன் மக்களின் சட்டம் ஓர் எளிய அறிமுகம்

கல்யாண வீட்டில் மொய் எழுதிப் பழகியவர்கள் நாம். விருந்துக்குப் போகிறவர் கொடுப்பார், வீட்டுக்காரர் வாங்கிக்கொள்வார். கனடாவின் மேற்குக் கரையில், ஸ்கீனா ஆறு பசிபிக் கடலில் கலக்கிற பகுதியில் வாழும் சிம்ஷியன் மக்களிடம் இது நேர் எதிர். விருந்து வைக்கிறவர்தான் வந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டும். வயிறாரச் சாப்பாடு, அப்புறம் கைநிறையப் பொருள். யாருக்கு எவ்வளவு என்பது அவரவர் தாங்கியிருக்கும் பட்டத்தைப் பொறுத்தது. கொடுப்பதும் எல்லோரும் பார்க்கத்தான்.

இதை வெறும் தாராள மனசு என்று எடுத்துக்கொண்டால் விஷயமே தவறிப்போகும். வந்தவர்கள் சாட்சிகள். "இன்று முதல் இவர் இந்தப் பெயரைத் தாங்குகிறார், இந்தப் பெயரோடு இன்ன ஆற்றங்கரையும் இன்ன மலைச்சரிவும் இவர் பொறுப்பில் வருகின்றன" என்று வீட்டார் அறிவிக்கிறார்கள். அதைக் கேட்டு, சாப்பிட்டு, பொருளையும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர், அந்த அறிவிப்பை ஏற்றுக்கொண்டவர் ஆகிறார். நாளைக்கு ஒரு தகராறு வந்தால் நடந்ததைச் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு உண்டு. நம் ஊரில் பத்திரப் பதிவு அலுவலகம் செய்கிற வேலையை அங்கே ஒரு கூடம் நிறைய உட்கார்ந்திருக்கும் மனிதர்கள் செய்கிறார்கள். எழுத்து இல்லாததால் சட்டம் இல்லை என்று ஐரோப்பியர்கள் நினைத்த இடத்தில், சட்டம் இப்படித்தான் இருந்தது. இன்றும் இருக்கிறது.

முதலில் சில சொற்கள். 'சிம்ஷியன்' என்பதற்கு 'ஸ்கீனா ஆற்றுக்குள் இருப்பவர்கள்' என்று பொருள். அவர்கள் மொழியின் பெயர் ஸ்மல்கியாக், அதாவது 'உண்மையான மொழி'. சட்டத்துக்கு அந்த மொழியில் அயாவ்க் என்று பெயர். கடைசி 'க்' நம் ஆய்த எழுத்தைப் போலத் தொண்டையில் உரசி வரும். லாக்ஸ் குவாலாம்ஸ், மெட்லகட்லா, கித்காலா மக்களின் கித்காட்லா, ஹார்ட்லி பே, கிளெம்டு, ஆற்றின் மேல்பகுதியில் கிட்செலாஸ், கிட்சம்கேலம் ஆகியவை இன்றைய சிம்ஷியன் ஊர்கள். அலாஸ்காவிலும் ஒரு மெட்லகட்லா உண்டு. அதற்குப் பின்னால் வருவோம்.

அயாவ்க்கைப் புரிந்துகொள்ள 'வாப்' என்ற சொல்லிலிருந்து தொடங்குவது நல்லது. வாப் என்றால் வீடு. செஞ்சிடார் மரங்களைப் பலகையாகப் பிளந்து கட்டிய பெரிய வீடும் வாப்தான், அதில் சேர்ந்த மனிதர்களும் வாப்தான். குடும்பம் என்று சொன்னால் சிறுத்துவிடும், குலம் என்று சொன்னால் பெருத்துவிடும். ஒரு வாப்புக்குச் சொந்தமாகப் பெயர்கள், சின்னங்கள், பாட்டுகள், வரலாறு, நிலம் எல்லாம் உண்டு. இவற்றைத் தனித்தனியாகப் பிரிக்க முடியாது. பெயரை எடுத்தால் அதன் கதை கூடவே வரும். கதையை எடுத்தால் அது நடந்த நிலம் வரும். வாப்பின் தலைவரை ஸ்மோய்கித் என்பார்கள். 'உண்மையான மனிதர்' என்று அந்தச் சொல்லைப் பிரிக்கலாம்.

எல்லா வாப்புகளும் நான்கு பெரிய பிரிவுகளுக்குள் அடங்கும். பிரிவுக்கு 'ப்தேக்' என்று பெயர். ஓர்க்கா திமிங்கலத்தைச் சின்னமாகக் கொண்ட கிஸ்புத்வாடா, அண்டங்காக்கையின் கன்ஹாடா, கழுகின் லக்ஸ்கீக், ஓநாயின் லக்கிபு. ஒரே ப்தேக்கைச் சேர்ந்த இருவர் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது. இருவரும் நூறு மைல் தள்ளி வேறு வேறு ஊரில் பிறந்திருக்கலாம், ரத்த உறவு எதுவும் தெரியாமல் இருக்கலாம். இருந்தாலும் அண்ணன் தங்கை முறைதான்.

பிள்ளை அம்மாவின் வாப்பைச் சேர்ந்தது, அம்மாவின் ப்தேக்கைச் சேர்ந்தது. அப்பாவின் பெயரும் நிலமும் அப்பாவின் அக்கா தங்கை பிள்ளைகளுக்குப் போகும். நாஞ்சில் நாட்டில் ஒரு காலத்தில் இருந்த மருமக்கள் வழியைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஒரு பையன் கொஞ்சம் வளர்ந்ததும் தாய்மாமன் வீட்டுக்குப் போய்விடுவான். அந்த வாப்பின் வரலாறு, எல்லை, விருந்தில் பேசும் முறை எல்லாவற்றையும் மாமன் சொல்லித்தர வேண்டும். நாளைக்கு மாமன் பெயரைத் தாங்கப்போகிறவன் அவன்தான். மாமன் மகளைக் கட்டுவதையும் அவர்கள் விரும்பினார்கள். பெண் கொடுத்து வாங்கிய இரண்டு வீடுகளின் உறவு இதனால் தலைமுறை தாண்டியும் அறுந்துபோகாது.

அப்படியென்றால் அப்பா வீட்டாருக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரு வாப் தன் முக்கியமான காரியங்களைத் தானே செய்துகொள்ள முடியாது. இறந்தவரை அடக்கம் செய்வது, வீட்டின் சின்னங்களைப் பெரிய மரத்தூணில் செதுக்குவது போன்ற வேலைகளை மற்ற ப்தேக்கைச் சேர்ந்தவர்கள், பெரும்பாலும் அப்பா வழி உறவுகள், செய்ய வேண்டும். செய்தவர்களுக்கு எல்லோர் முன்னிலையிலும் கைம்மாறு கொடுத்தாக வேண்டும். ஆக, எவ்வளவு செல்வாக்கான வீடாக இருந்தாலும் சாவு விழுந்தால் அடுத்த வீட்டாரின் தோள் வேண்டும். தன்னந்தனியாகப் பெரிய ஆளாக இருக்க அந்தச் சட்டத்தில் வழியே கிடையாது.

இனி அடாவ்க். 'உண்மையான சொல்' என்ற பொருள் தரும் இது, ஒவ்வொரு வாப்பும் வைத்திருக்கும் தன் வரலாறு. முன்னோர் எங்கிருந்து வந்தார்கள், எந்த வழியாகப் போனார்கள், எந்த இடத்தில் எந்தச் சின்னத்தைப் பெற்றார்கள், எந்த மலைமுகட்டில் எல்லை முடிகிறது என்பதெல்லாம் அதில் உண்டு. இவற்றைப் புராணம் என்று தள்ளிவைக்கிற பழக்கம் வெளியாட்களுக்கு உண்டு. சிம்ஷியன் மக்களுக்கு அது நிலப்பட்டா. அதனால்தான் அடுத்த வீட்டு அடாவ்க்கை அனுமதியில்லாமல் சொல்வது குற்றம். ஒரு தலைவர் சொல்லும்போது மற்ற வீட்டார் உட்கார்ந்து கேட்பார்கள். தவறாகச் சொன்னால் அங்கேயே மறுப்பு வரும்.

ஒரு அடாவ்க்கை மட்டும் இங்கே சுருக்கிச் சொல்கிறேன். நூறு ஆண்டுகளுக்கு முன்பே அச்சில் வந்துவிட்டது என்பதால்தான் இந்தத் துணிச்சல். சொந்தக்காரர்கள் சொல்வது போல் இருக்காது.

ஸ்கீனா ஆற்றின் மேல்பகுதியில் டெம்லஹாம் என்று ஒரு பெரிய ஊர். ஊரார் மலையாடுகளைத் தேவைக்கு மேல் கொன்று குவிக்கிறார்கள். வேட்டைக்குப் போனவர்கள் ஒருநாள் ஒரு குட்டியை உயிரோடு பிடித்துவர, பிள்ளைகள் அதைத் தண்ணீரில் தள்ளுவதும் இழுப்பதுமாக வதைக்கிறார்கள். ஒரே ஒரு இளைஞன் மட்டும் பரிதாபப்பட்டு அதைக் காப்பாற்றி, முகத்தில் செஞ்சாயம் பூசி மலைக்கு அனுப்பிவைக்கிறான். கொஞ்ச நாள் கழித்து முன்பின் தெரியாத சிலர் ஊருக்கு வந்து, எல்லோரையும் மலைமேல் விருந்துக்கு அழைக்கிறார்கள். ஊரே போகிறது. கூட்டத்தில் ஒருவர் வந்து அந்த இளைஞனை மட்டும் ஒரு தூணோரமாகத் தனியாக உட்காரவைக்கிறார். விருந்தின் உச்சத்தில் ஒற்றைக்கொம்பு ஆடு ஒன்று ஆடிவந்து காலை உதைக்கிறது. மலை சரிகிறது. விருந்துக்குப் போனவர்கள் அத்தனை பேரும் போய்ச் சேர்ந்தார்கள். தூணோரம் இருந்தவன் மட்டும் மிஞ்சினான். அழைத்தவர்கள் மலையாடுகள் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிகிறது. செங்குத்தான பாறையில் இறங்க அவனுக்குத் தன் தோலையும் குளம்பையும் கொடுத்து உதவியது, அவன் காப்பாற்றிய அதே குட்டி.

இதைப் பிள்ளைகளுக்கு நீதி சொல்லும் கதையாகப் படிக்கலாம்தான். ஆனால் சட்டமாகப் படித்துப் பாருங்கள். விருந்து வைக்கும் உரிமை மனிதர்களுக்கு மட்டும் உரியதில்லை. மலையாடுகளும் ஒரு தரப்பு. அவை முறைப்படி ஆள் அனுப்பி அழைத்தன, முறைப்படி உட்காரவைத்தன, தீர்ப்பும் விருந்துக் கூடத்தில்தான் நடந்தது. அந்த ஒற்றைக்கொம்பு ஆட்டைச் சின்னமாகத் தாங்குகிற வீடு, அந்த மலையில் தனக்குள்ள உரிமையைச் சொல்லும்போதெல்லாம், அந்த உரிமை எந்த நிபந்தனையோடு வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. சால்மன் மீனுக்கும் இப்படித்தான். எலும்பைக் கண்ட இடத்தில் வீசக் கூடாது, மரியாதையோடு நெருப்பிலோ நீரிலோ சேர்க்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆண்டு மீன் குறையோடு வரும், அல்லது வராமலே போகும்.

பெயர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த விளக்கம் நகராது. மனிதர்கள் வருவார்கள், போவார்கள்; பெயர் நிற்கும். லெகேக் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். கிஸ்பக்லாட்ஸ் என்ற சிம்ஷியன் ஊர்க்குழுவில் கழுகு வீட்டுப் பெருந்தலைவர் பெயர் அது. ஸ்கீனா ஆற்றின் மேல்பகுதி மக்களோடு வணிகம் செய்யும் தனியுரிமை அந்தப் பெயரோடு சேர்ந்து வந்தது. 1832இல் அப்போதைய லெகேக்கின் மகள், தோல் வணிகம் செய்த பிரிட்டிஷ் நிறுவனமான ஹட்சன்ஸ் பே கம்பெனியின் மருத்துவர் ஜான் கென்னடியை மணந்தார். 1834இல் கம்பெனி தன் கோட்டையை லெகேக்கின் ஆட்கள் தங்கிப் பழகிய இடத்துக்கு மாற்றியது. அதுதான் இன்றைய லாக்ஸ் குவாலாம்ஸ். கம்பெனிக்காரர்கள் அதை ஒரு கல்யாணமாகப் பார்த்திருக்கலாம். சிம்ஷியன் கண்ணுக்கு அது ஓர் ஒப்பந்தம்.

ஒருவர் குழந்தையில் ஒரு பெயர், வளர்ந்த பின் ஒன்று, பொறுப்பேற்கும்போது இன்னொன்று என்று பெயர்களில் ஏறிக்கொண்டே போகலாம். ஒவ்வொரு பெயருக்கும் விருந்து வேண்டும், சாட்சிகள் வேண்டும். பெரிய பெயரைத் தாங்கியவர் மேல் ஒரு கண் எப்போதும் இருக்கும். படகு கவிழ்ந்து நனைந்தபடி ஒரு தலைவர் கரையேறினால் அதுகூடப் பெயருக்கு இழுக்கு. பொருள் கொடுத்து அந்த வெட்கத்தைக் கழுவ வேண்டும். நிலம் அவர் பெயரில் இருந்தாலும் அவர் இஷ்டப்படி விற்க முடியாது. வீட்டின் மற்ற பெரியவர்களைக் கேட்க வேண்டும். எங்கே எப்போது மீன் பிடிக்கலாம், எந்தச் சரிவில் பழம் பறிக்கலாம், யாரை உள்ளே விடலாம் என்று பார்த்துக்கொள்வது அவர் வேலை. கிடைத்ததைப் பகிர்ந்து கொடுப்பதும் அவர் வேலை. வீட்டார் உழைத்துச் சேர்த்துத் தந்தால்தான் அவரால் விருந்து வைக்கவே முடியும்.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. இது எல்லோரும் சமம் என்ற சமூகம் இல்லை. தலைவர்கள், அவர்களுக்கு அடுத்த பெரியவர்கள், சாதாரண மக்கள் என்று படிநிலை இருந்தது. அதற்கும் கீழே, போரில் பிடிபட்டவர்களும் விலைக்கு வாங்கப்பட்டவர்களும் அடிமைகளாக இருந்தார்கள். அவர்களுக்கு வீடும் இல்லை, பெயரும் இல்லை. பெயர்தான் மனிதரை மனிதராக்கும் என்ற சட்டத்தில் பெயர் பறிக்கப்பட்டவரின் நிலை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தால் மனசு கனக்கிறது.

குற்றம் நடந்தால்? காவல்நிலையமும் சிறையும் கிடையாது. ஒருவர் செய்த தவறுக்கு அவருடைய வீடே பொறுப்பு. கொலை என்றால் இறந்தவர் வீட்டுக்குப் பெரிய ஈடு கொடுத்தாக வேண்டும். இறந்தவரின் தகுதிக்கு ஏற்ப அது கூடும். ஈடு தராவிட்டால் பழிக்குப் பழி. சமாதானம் ஆகும்போது கழுகின் மெல்லிய வெண்தூவியைத் தலைகள் மேல் பறக்கவிடுவார்கள். அது படிந்த இடத்தில் அதற்குப் பிறகு கை ஓங்கக் கூடாது.

இந்தச் சட்டத்தின் மேல் இன்னொரு சட்டம் வந்து உட்கார்ந்த கதையையும் சொல்ல வேண்டும். 1857இல் வில்லியம் டங்கன் என்ற ஆங்கிலேய மதபோதகர் கோட்டைக்கு வந்தார். 1862இல் தன்னைப் பின்பற்றியவர்களோடு மெட்லகட்லாவில் தனி ஊர் அமைத்தார். அங்கே குடியேறுகிறவர்கள் விருந்துமுறையை விட வேண்டும் என்பது விதி. 1887இல் சுமார் 800 பேரோடு அலாஸ்காவுக்குப் போய் இன்னொரு மெட்லகட்லாவை உண்டாக்கினார்.

அடுத்தது கனடா அரசு. வெளியாட்கள் பாட்லாட்ச் என்று அழைத்த இந்த விருந்தை 1884இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்து குற்றமாக்கினார்கள்; 1885 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. 'சொத்தை வீணாக வாரி இறைக்கிறார்கள்' என்பது வாதம். அவர்கள் தடை செய்தது ஒரு சாப்பாட்டை இல்லை. பதிவு அலுவலகம், வாரிசுச் சான்று, நீதிமன்றம் மூன்றையும் ஒரே அடியாகப் பூட்டினார்கள். 1927இல் நிலக் கோரிக்கைக்காகப் பணம் திரட்டுவதும் குற்றமானது. இரண்டும் 1951 வரை நீடித்தன.

இதைவிட ஆழமாக வெட்டியது கனடாவின் 1876ஆம் ஆண்டு 'இந்தியன் சட்டம்' ('இந்தியன்' என்று அது சொல்வது அங்குள்ள பூர்வகுடிகளை). அதன்படி பூர்வகுடிப் பெண் ஒருத்தி வெளியாளை மணந்தால் அவள் பூர்வகுடியாகவே கருதப்பட மாட்டாள், அவள் பிள்ளைகளும் அப்படித்தான். பூர்வகுடி ஆணை மணந்த வெள்ளைக்காரப் பெண்ணோ சட்டப்படி பூர்வகுடி ஆகிவிடுவாள். அயாவ்க்கை வைத்துப் பாருங்கள். முதல் பெண்ணின் பிள்ளைகளுக்கு வீடு, பெயர், ப்தேக், நிலம் எல்லாம் உண்டு. அவர்களைத்தான் அரசு வெளியே தள்ளியது. இரண்டாவது பெண்ணின் பிள்ளைகளுக்கு அம்மா வழியில் வீடே கிடையாது. ஏதாவது ஒரு வீடு விருந்து வைத்துத் தத்தெடுத்தால்தான் உண்டு. அவர்களை அரசு உள்ளே எழுதிக்கொண்டது. இந்த விதி திருத்தப்பட 1985 வரை ஆனது.

கடல் வளத்திலும் இதே மோதல். கித்காலா மக்கள் பில்ஹா என்று சொல்லும் அபலோனி ஒரு கடல் நத்தை. சதை உணவாகும், வானவில் நிறம் மின்னும் ஓடு தலைவர்களின் அணிகளில் பதிக்கப்படும். கடல் நன்றாக வற்றும் நாட்களில் பாறையில் வெளியே தெரிவதை மட்டும் எடுப்பது பழைய முறை. ஆழத்தில் இருப்பவை அப்படியே தப்பித்து இனம் பெருக்கும். 1970களிலும் 80களிலும் வணிக முக்குளிப்பாளர்கள் காற்று உருளையோடு ஆழத்திலேயே இறங்கி அள்ளினார்கள். இனம் சரிந்தது. 1990இல் அரசு எல்லோருக்கும் தடை போட்டது, காலங்காலமாக அளவோடு எடுத்தவர்களையும் சேர்த்து. தங்கள் சட்டத்தை மீறியவர்கள் செய்த தவறுக்குத் தாங்களும் தண்டனை அனுபவிப்பதாக அந்த மக்கள் சொல்வதில் எனக்கு முழு நியாயம் தெரிகிறது.

நீதிமன்றங்கள் மெதுவாகத்தான் கேட்கத் தொடங்கின. சிம்ஷியன்களின் அண்டை உறவுகளான கிட்க்சான் மக்களும், அவர்களுக்கு அடுத்த வெட்சுவெட்டென் மக்களும் நில உரிமை கேட்டுத் தொடுத்த டெல்கமூக் வழக்கு 374 நாள் விசாரணை நடந்தது. கிட்க்சான் மூத்த பெண் தலைவர் ஒருவர் தன் வீட்டு வரலாற்றின் பகுதியான பாட்டைச் சாட்சியமாகப் பாட முன்வந்தபோது, தனக்கு இசைக் காது இல்லை என்று நீதிபதி தயங்கினார். சட்டப் பத்திரத்தைப் படிக்கக் கொடுத்தபோது எனக்கு எழுத்து தெரியாது என்று சொல்வதற்குச் சமம் அது. 1991இல் தீர்ப்பு எதிராக வந்தது. 1997இல் கனடா உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளி, வாய்மொழி வரலாற்றுக்கும் எழுத்து ஆவணங்களோடு சமமான இடம் கொடுக்க வேண்டும் என்றது. ஆனாலும் கதவு முழுசாகத் திறந்துவிடவில்லை. 2011இல் லாக்ஸ் குவாலாம்ஸ் மக்கள் வணிக மீன்பிடி உரிமை கேட்டு அதே உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். பழங்காலத்தில் யூலகான் மீன் நெய்யை விற்றது உண்மைதான், அதை வைத்து இன்றைய வணிக மீன்பிடியைக் கோர முடியாது என்றது தீர்ப்பு.

அறிவியல் பக்கமிருந்தும் ஒரு செய்தி. வடக்கிலிருந்து வந்த டிலிங்கிட் மக்களோடு நடந்த போரில் முன்னோர் கடற்கரை ஊர்களை விட்டு உள்ளே போய், பிறகு திரும்பிவந்து மீட்டார்கள் என்று சிம்ஷியன் அடாவ்க்குகள் சொல்கின்றன. பிரின்ஸ் ரூபர்ட் துறைமுகப் பகுதியில் கிடைத்த நூற்றுக்கணக்கான ரேடியோகார்பன் காலக்கணிப்புகளை 2017இல் ஆய்வாளர்கள் சேர்த்துச் சோதித்தார்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழைய அந்த நிகழ்வைப் பற்றி அடாவ்க் சொல்வதைப் பொய்யென்று காட்ட எந்தத் தடயமும் அந்தக் கணக்கில் இல்லை. நினைவில் இவ்வளவு காலம் ஒரு வரலாறு நிற்குமா என்று கேட்பவர்களுக்கு, பொருள் கொடுத்துச் சாட்சி வைப்பதன் பயன் இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

கடைசியாக வில்லியம் பெய்னன் என்ற ஒரு மனிதர். 1888இல் விக்டோரியா நகரில் பிறந்தவர். அப்பா வேல்ஸ் நாட்டுக் கப்பல் கேப்டன். ஸ்மல்கியாக் மொழி அம்மாவிடமிருந்து வந்தது. 1913இல் தாய்மாமன் இறந்துபோக, அடக்கத்துக்காகப் போர்ட் சிம்ப்சனுக்கு, அதாவது இன்றைய லாக்ஸ் குவாலாம்ஸுக்குப் போனார். போனவர் அங்கேயே தங்கிவிட்டார். மாமனின் இடத்தில் யார் உட்காருவது என்பதை அயாவ்க் ஏற்கெனவே முடிவு செய்திருந்தது. கித்லான் என்ற ஊர்க்குழுவில் ஓநாய் வீட்டுத் தலைவர் பெயரான குவிஸ்கயினை அவர் தாங்கினார். 1958இல் இறக்கும்வரை வீடு வீடாகப் போய் அடாவ்க்குகளைக் கேட்டு ஸ்மல்கியாக்கிலும் ஆங்கிலத்திலும் எழுதிவைத்தார்.

1945 ஜனவரியில் கிட்க்சான் ஊரான கிட்செகுக்லாவில் தூண்கள் நிறுத்தும் விருந்துகள் நடந்தன. பெய்னனும் அழைக்கப்பட்டிருந்தார். விருந்தை நடத்துவது இன்னும் குற்றம். தடை நீங்க ஆறு ஆண்டு பாக்கி. பகலெல்லாம் விருந்தினராக உட்கார்ந்தார், தன் பங்கைக் கொடுத்தார், வாங்கிக்கொண்டார். நேரம் கிடைத்தபோதெல்லாம் நோட்டை எடுத்து, எந்த வீட்டார் எந்தப் பெயரில் எழுந்தார்கள், யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்று எழுதினார். நான்கு நோட்டுகள் நிரம்பின.